பதினெட்டாம் அத்தியாயத்து மழை

ஜனவரி 9

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீ சுகமாகத்தான் இருப்பாய் என்று நானே முடிவு கட்டிக்கொள்ளாமல் கேட்கிறேன்: சுகமா? தோள்பட்டை வலி குறைந்ததா? குட்டி ஹாஸ்டலிலிருந்து வாரம் ஒரு முறையாவது அப்பாவைக் கூப்பிடுகிறாளா? இங்கே உன் அத்தானும் நானும் நன்றாக இருக்கிறோம். என் முழங்கால் மட்டும் தனிக்குடித்தனம் போகப் பார்க்கிறது.

இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் போனில் நாம் இரண்டாவது நிமிடம் சண்டைக்குப் போய்விடுகிறோம். காகிதத்தில்தான் இருவரும் கொஞ்சம் மரியாதையான ஆட்கள். அதோடு, இந்தக் கட்டை எப்படியும் தபாலில்தான் அனுப்பியாக வேண்டும்.

கட்டு என்பது நாவல். சிரிக்காதே. வருஷக்கணக்காக "எழுதிக்கிட்டிருக்கேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தேனே, அதேதான். பதினெட்டு அத்தியாயம். மனைவியை இழந்த ஒரு பஸ் டிரைவர். அவர் வண்டியில் தினமும் வேலைக்குப் போகும் ஒரு பெண். மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை பார்ப்பவள். இருவரும் பக்கத்தில் வந்து நிற்பதற்கே பதினேழு அத்தியாயம் பிடித்தது. பதினெட்டில் டிரைவருக்கு விடுமுறை நாள். நல்ல மழை. இரண்டு பேரும் ஒரே நிழற்குடையில் ஒதுங்கி பஸ்ஸுக்காக நிற்கிறார்கள். அவர் ஏதாவது சொல்ல வேண்டும். சொல்ல மாட்டேன் என்கிறார்.

போன செப்டம்பரிலிருந்து நிற்கிறார்கள், தம்பி. மழையும் விட்டபாடில்லை.

நான் நாள் முழுவதும் எக்ஸ்ரே அறையில் "மூச்சப் பிடிங்க... ம், விடுங்க" என்று சொல்லிப் பிழைப்பவள். இந்த இரண்டு பேரையும் மூச்சைப் பிடிக்கச் சொல்லிவிட்டு, விடச் சொல்ல வழி தெரியாமல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் முழித்துக்கொண்டிருக்கிறேன். விடிந்ததும் சமையலறை மேசையில் உட்காருவேன். அத்தான் டீயோடு வந்து எட்டிப் பார்த்து, "பஸ் வந்துச்சா?" என்பார். இல்லை என்று தலையாட்டுவேன். அவர் வீடு வீடாகத் தண்ணீர் மீட்டர் பார்க்கும் வேலைக்குக் கிளம்பிவிடுவார். இதுதான் எங்கள் வீட்டு இலக்கிய விமர்சனம்.

படித்துவிட்டு உள்ளதைச் சொல். நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொல்லாதே. அதைச் சொல்ல ஆஸ்பத்திரியில் நாலு பேர் இருக்கிறார்கள். நாலு பேரும் படிக்கவில்லை.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா


ஜனவரி 27

அன்புள்ள அக்காவுக்கு,

கட்டும் கடிதமும் வந்து சேர்ந்தன. அத்தானையும் உன் முழங்காலையும் விசாரித்ததாகச் சொல். என் வலது கை தோள் உயரம் வரைக்கும் போகிறது, அதற்கு மேல் நகர மாட்டேன் என்கிறது. லிஃப்ட் மெக்கானிக்கின் கையே பாதியில் நின்றால் ஊர் சிரிக்காதா? குட்டிக்குக் கால்நடை மருத்துவச் செய்முறைப் பரீட்சை முடிந்தது. பசுவுக்கு ஊசி போட்டாளாம், பசு உதைத்ததாம், பாஸாம்.

மதிய இடைவேளைகளில் மொட்டைமாடி மெஷின் ரூமில் உட்கார்ந்து படித்தேன். ஒரு நாள் மூன்றாம் மாடியில் மாட்டிக்கொண்டவர்கள் மணியை அடித்தது என் காதில் விழவில்லை. அதைப் பாராட்டாக எடுத்துக்கொள். அவர்கள் எடுத்துக்கொள்ளவில்லை.

ஒன்று கேட்கிறேன். டிரைவர் பாத்திரம் கழுவும் இடத்தில் நின்றுகொண்டு, தட்டில்கூடப் போடாமல் சட்டியிலிருந்தே சாப்பிடுகிறாரே, அதை எப்போது பார்த்தாய்? நீ வந்திருந்தபோது உன்னோடு மேசையில் உட்கார்ந்துதானே சாப்பிட்டேன்? கோபம் இல்லை. சும்மா கேட்டேன்.

ஒரே ஒரு இடம் எனக்கு ஒட்டவில்லை. ஐந்தாம் அத்தியாயத்தில், மனைவி போன மறுநாள் அவள் துணியை முகத்தில் வைத்துக்கொண்டு அழுகிறார். அப்படி இருக்காது, அக்கா. அவருக்குப் பசிக்கும். பயங்கரமாகப் பசிக்கும். வீடு நிறைய ஆட்கள் அழுதுகொண்டிருக்கும்போது தனக்குப் பசிக்கிறதே என்று வெட்கமாக இருக்கும். அழுகை எல்லாம் அப்புறம், சம்பந்தமே இல்லாத ஒரு நாளில். மாற்றுவதும் விடுவதும் உன் இஷ்டம்.

வேறு விசேஷம் இல்லை. வீட்டு சோபாவில் ஸ்பிரிங் வெளியே வந்து, உட்காருகிறவர்களைக் குத்தி விசாரிக்கிறது. கை வைக்கும் இடமெல்லாம் துணி நைந்துவிட்டது. நான் லிஃப்ட் பார்க்கும் கட்டிடம் ஒன்றில் தரைத்தளத்தில் ஒரு சோபாக் கடை இருக்கிறது. அங்கே கொடுத்திருக்கிறேன். படித்துவிட்டு உன் கட்டை சோபா இடுக்கில் செருகி வைத்தேனா, அது சோபாவோடேயே வண்டியேறிப் போய்விட்டது. பதறாதே. நாளைக்கே வாங்கிவிடுகிறேன்.

முழங்காலுக்கு வெந்நீர் ஒத்தடம் கொடு.

தம்பி


பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

ஒத்தடம் கொடுத்தேன். முழங்கால் சமாதானத்துக்கு வந்தது. உன் கடிதத்தின் கடைசிப் பத்தியைப் படித்ததும் மறுபடி வலித்தது. நாவலை சோபாவோடு அனுப்பிய முதல் ஆள் நீயாகத்தான் இருப்பாய். நல்லவேளை, என்னிடம் இன்னொரு பிரதி இருக்கிறது. இருந்தாலும் கேட்கிறேன்: அந்தக் கடையில் யார் இருக்கிறார்கள்? எடுத்து அடுப்பெரித்துவிட மாட்டார்களே?

நீ கேட்டதற்குப் பதில். நான் அங்கே வந்திருந்தபோது ஒரு நாள் காலை, நான் இன்னும் எழுந்திருக்கவில்லை என்று நினைத்து நீ அப்படி நின்று சாப்பிட்டுக்கொண்டிருந்தாய். கதவருகே வந்தவள் பார்த்தேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். திரும்பிப் போய்ப் படுத்துக்கொண்டேன். அப்புறம் அது தானாகவே நாவலுக்குள் வந்து நின்றுவிட்டது. டிரைவர் நீ இல்லை. ஆனால் உன் சட்டை அவருக்குச் சரியாக இருக்கிறது.

ஐந்தாம் அத்தியாயத்தை மாற்றிவிட்டேன். ஒரே மூச்சில் வந்தது. பால் பொங்கி அடுப்பை அணைத்தது கூடத் தெரியவில்லை. அந்தப் பசியை நீ எனக்கு முன்பே சொல்லியிருக்கலாம். நானும் கேட்டிருக்கலாம்.

நிழற்குடையில் மட்டும் அதே கதைதான். மழையை நிறுத்திப் பார்த்தேன். இருவரும் ஆளுக்கொரு பக்கம் நடந்து போய்விட்டார்கள். திரும்பக் கூப்பிட்டு வந்து நனைய வைத்தேன். குடை விற்பவனை உள்ளே விட்டேன். அவன் குடும்பக் கதையைச் சொல்ல ஆரம்பித்துவிட்டான், அவனைத் துரத்துவதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. டிரைவர் தொண்டையைச் செருமுகிறார். அத்தோடு சரி.

கட்டை வாங்கியதும் ஒரு வரி போடு. குட்டியை உதைத்த பசுவுக்கு என் கண்டனம்.

உன் அக்கா


பிப்ரவரி 24

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். கை இன்னும் ஒரு சாண் மேலே போகிறது. அத்தானுக்கு இருமல் என்று குட்டி சொன்னாள்; இப்போது எப்படி?

கட்டு பத்திரமாக இருக்கிறது. ஆனால் என் கைக்கு வரவில்லை. கடையை நடத்துவது ஒரு அம்மா. அம்மா என்றால் என் வயதுதான் இருக்கும். கல்யாணமாகி, ஒத்துவராமல், ரொம்ப வருஷத்துக்கு முன்பே விலகி வந்து தனியாகத் தொழில் செய்கிறவர். நாங்கள் எல்லோரும் சோபாக்காரம்மா என்போம். சின்னச் சின்ன ஆணிகளை வாயில் வைத்துக்கொண்டு, ஒவ்வொன்றாக எடுத்து அடிப்பார். அப்படியே பேசவும் செய்வார். பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வார்த்தை புரியாது. எனக்கு இப்போது புரிகிறது.

நான் போய் நின்றதும், "லிஃப்ட்காரரே, இதை எழுதினது உங்க அக்காவா?" என்றார்.

"ஆமா மேடம். தெரியாம சோபாவோட வந்துடுச்சு."

"பதினெட்டும் படிச்சுட்டேன். நல்லாருக்கு. ஆனா அந்தப் பொண்ணுக்கு வாய் இல்லையா?"

"இருக்கே. பத்தாவது அத்தியாயத்துல கடை முதலாளிகிட்ட அந்தச் சண்டை போடுறாளே."

வாயிலிருந்து இரண்டு ஆணியை எடுத்துவிட்டுச் சொன்னார்: "அதைத்தான் நானும் கேக்குறேன். முதலாளிகிட்ட அவ்வளவு பேசினவ, மழையில மட்டும் ஏன் அந்தாளு மூஞ்சியையே பாத்துக்கிட்டு நிக்கணும்? அவர் பேசமாட்டார். பாத்தாலே தெரியுது. அவளுக்கு வேணும்னா அவ கேக்கட்டும். எவ்வளவு நேரம்தான் நனையறது?"

அக்காவிடம் சொல்கிறேன் என்றேன். சொல்லிவிட்டேன். மேலே எழுதினால் அனுப்ப வேண்டுமாம். அதுவரை கட்டைத் தர மாட்டாராம்.

சோபா வேலை இன்னும் முடியவில்லை. சாப்பாட்டு மேசை நாற்காலி இரண்டுக்கும் மெத்தை அமுங்கிப் போயிருந்தது, அதையும் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

தம்பி


மார்ச் 9

அன்புள்ள தம்பிக்கு,

அத்தானுக்கு இருமல் போய்விட்டது. எனக்குத்தான் வாயெல்லாம் பல்.

உன் கடிதத்தை ஆஸ்பத்திரி வாசலில் நின்று படித்தேன். அன்றைக்கு எத்தனை பேரை மூச்சு விடச் சொன்னேன், யாரைச் சொல்லாமல் விட்டேன், ஒன்றும் நினைவில்லை. மறுநாள் அத்தான் எழுந்திருப்பதற்கு முன்பே மேசைக்குப் போய்விட்டேன். அவ்வளவு நாளும் அந்த மனுஷன் வாயைப் பார்த்துக்கொண்டே நான் உட்கார்ந்திருந்தேன் பார்! அவளைத் திரும்பியே பார்க்கவில்லை. பார்த்தால், அவள் எப்போதோ தயாராக நிற்கிறாள்.

பஸ் வருகிறது. டிரைவர் படியில் கால் வைக்கப் போகிறார். அவள் சொல்கிறாள்: "இந்த பஸ் போகட்டும். எனக்கு உங்ககிட்ட கொஞ்சம் பேசணும்."

அவ்வளவுதான், தம்பி. பத்தொன்பதாம் அத்தியாயம் அவள் பேச்சிலேயே ஓடிவிட்டது. அத்தான் வந்து, "பஸ் வந்துச்சா?" என்றார். "வந்துச்சு, ஏறல," என்றேன். "அட!" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு அவர் வேலைக்குத் தாமதம்.

இருபதையும் ஆரம்பித்திருக்கிறேன். அவள் கேட்டுவிட்டாள், மிச்ச நாளை இரண்டு பேருமாக இருந்து பார்க்கலாமா என்று. இப்போது அவர் பதில் சொல்ல வேண்டும். எனக்கு அது வரவில்லை. நீ சொல். அப்படி ஒருத்தி கேட்டால் அவர் என்ன சொல்வார்?

பத்தொன்பதையும், இருபதில் இதுவரை எழுதியதையும் இத்துடன் வைத்திருக்கிறேன். சோபாக்காரம்மாவுக்கு என் வணக்கத்தையும் நன்றியையும் சொல். அது சரி, ஒரு சோபா, இரண்டு நாற்காலி. உன் வீட்டில் இன்னும் தைப்பதற்கு என்னதான் பாக்கி இருக்கிறது?

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அக்கா


மார்ச் 31

அக்காவுக்கு,

நலம். நீங்கள் இருவரும் நலம்தானே.

புது அத்தியாயங்களைக் கொடுத்துவிட்டேன். படித்துவிட்டார்.

சோபா வீட்டுக்கு வந்துவிட்டது. சாம்பல் நிறத் துணி. உட்கார நன்றாக இருக்கிறது. குட்டி அடுத்த வாரம் விடுமுறைக்கு வருகிறாள்.

டிரைவர் என்ன சொல்வார் என்று என்னை ஏன் கேட்கிறாய்? எனக்கு எப்படித் தெரியும்? யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்வாராக இருக்கும். வேலை அதிகம். ஒரு கட்டிடத்தில் கயிறு மாற்றுகிறோம்.

ஸ்டூல் ஒன்று இருந்தது. அதையும்தான் கொடுத்தேன்.

தம்பி


மே 12

அன்புள்ள தம்பிக்கு,

உன்னிடமிருந்து ஏப்ரல் முழுக்க ஒரு வரி இல்லை. போனை எடுத்தால் "வேலையில இருக்கேன்க்கா" என்கிறாய். பின்னால் குழாயில் தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது. லிஃப்டில் எங்கே குழாய் வைத்தார்கள்? குட்டி வந்து போனாளே, எப்படி இருந்தாள்? அவளும் "நல்லாருக்கேன் அத்தை" என்பதற்கு மேல் வாய் திறக்கவில்லை. குடும்பத்துக்கே ஆணியை வாயில் வைத்துக்கொள்ளும் பழக்கம் வந்துவிட்டதா?

நான் நலம். அத்தானும் நலம். நாவல்தான் மறுபடியும் படுத்துவிட்டது. நீ சொன்னபடி டிரைவரை "யோசிச்சுச் சொல்றேன்" என்று சொல்ல வைத்தேன். சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனவர் கதவைச் சாத்திக்கொண்டார். தட்டினால் திறக்கவில்லை. அவள் மறுநாள் வழக்கம்போல் பஸ் ஏறினாள். ஓட்டுநர் இருக்கையில் வேறு ஆள். அதற்கு மேல் எனக்கு எழுதப் பிடிக்கவில்லை. அவளைப் பார்க்கப் பாவமாக இருக்கிறது.

உனக்கு ஒன்றுமில்லை என்றால் ஒன்றுமில்லை என்றாவது எழுது.

உன் அக்கா


ஜூன் 3

மதிப்புக்குரிய எழுத்தாளர் அக்காவுக்கு,

வணக்கம். நீங்களும் வீட்டில் சாரும் நலமாக இருக்க வேண்டும். உங்கள் தம்பி வேலை பார்க்கும் கட்டிடத்தில் சோபா தைத்துக் கொடுக்கிறவள் நான். எனக்குக் கடிதம் எழுதிப் பழக்கமில்லை. தப்பிருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் கட்டை இத்துடன் திருப்பி அனுப்புகிறேன். விலாசம் முதல் பக்கத்தில் இருந்தது. இரண்டு பக்கத்தில் டீ சிந்திவிட்டது. அதற்கு நான்தான் காரணம்.

உங்களிடம் மறைக்க ஒன்றுமில்லை. அந்தப் பெண்ணைக் கேட்க விடுங்கள் என்று யோசனை சொன்னது நான். நீங்கள் அதை எழுதி அனுப்பினீர்கள். படித்துவிட்டு, ஊருக்கு யோசனை சொல்கிற நான் மட்டும் ஏன் வாயை மூடிக்கொண்டிருக்கிறேன் என்று நினைத்தேன். மார்ச் கடைசியில் ஒரு மத்தியானம் அவர் ஒரு ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு வந்தார். அந்த ஸ்டூலுக்கு மெத்தையே கிடையாது, வெறும் பலகை. வாயிலிருந்த ஆணியை எல்லாம் எடுத்து வைத்துவிட்டுக் கேட்டேன். "லிஃப்ட்காரரே, இனிமே தூக்கிட்டு வர உங்க வீட்ல ஒண்ணும் இல்ல. நீங்க மட்டும்தான் பாக்கி. நாம சேர்ந்து இருக்கலாமா?" என்றேன். அவர் ஸ்டூலைக் கீழே வைத்தார். "எம் பொண்ணு வரா. அவகிட்ட பேசிட்டுச் சொல்றேன்," என்றார். அது நியாயம்தான்.

அப்புறம் ஒரு நாள் போனில், "குட்டிக்கு சோபா பிடிக்கல மேடம்," என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு வரவில்லை. லிஃப்ட் பார்க்க வேறு ஆளை அனுப்புகிறார். அவர் சொன்னது சோபாவையா, என்னையா என்று எனக்கு விளங்கவில்லை.

என்னை என்றால் அதில் நான் செய்ய ஒன்றுமில்லை. சோபாவை என்றால் சரி செய்யலாம். பழைய பச்சைத் துணி உள்ளேயேதான் இருக்கிறது. கை வைக்கும் இடம்தான் நைந்திருந்தது. மற்றபடி நல்ல துணி, பார்த்து எடுத்திருக்கிறார்கள். கழற்றினால் பஞ்சு சரிந்துவிடும் என்று ஸ்பிரிங்கை அடிப்பக்கமாகத் திறந்து மாற்றிவிட்டு, அதன் மேலேயே புதுத்துணி போட்டேன். வேண்டாம் என்றால் மேல் துணியை அரை நாளில் எடுத்துவிடலாம். பணம் வேண்டாம். இதை அவரிடம் சொல்லிவிடுங்கள்.

நாவலை நிறுத்திவிடாதீர்கள். அந்த டிரைவர் கெட்டவர் இல்லை.

இப்படிக்கு,
சோபாக் கடையிலிருந்து


ஜூன் 12

அன்புள்ள தம்பிக்கு,

நலமா என்று கேட்கப்போவதில்லை. நலமில்லை என்று தெரியும்.

சோபாக்காரம்மா எனக்கு எழுதியிருக்கிறார். கடிதத்தை அப்படியே உள்ளே வைத்திருக்கிறேன். உன்னைப் பற்றி ஒரு சொல் குறைவாக இல்லை. நீ உட்கார்ந்து படி. உட்கார்ந்து என்று சொன்னேன்.

படித்தாயா? இப்போது நான் சொல்வதைக் கேள். உன்னைத் திட்ட எழுதவில்லை. எனக்கு ஒரே ஒரு விஷயம் புரிந்தது. நான் உன்னிடம் டிரைவருடைய பதிலைக் கேட்டுக்கொண்டிருந்தேன். நீ உன்னுடைய பதிலைத் தேடிக்கொண்டிருந்தாய். இரண்டையும் ஒரே பையில் போட்டுக் குலுக்கினால் எதுதான் வெளியே வரும்? இனிமேல் அவர் என்ன சொல்வார் என்று உன்னைக் கேட்க மாட்டேன். அதை நானே எழுதிக்கொள்கிறேன். அது என் வேலை. சோபாக்காரம்மாவுக்குப் பதில் சொல்வது உன் வேலை. முடியாது என்றாலும் நேரில் போய்ச் சொல். மூன்று மாதம் ஒரு ஆளை மழையில் நிறுத்தி வைக்காதே. அது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும், நான் நிறுத்தி வைத்தவள்.

குட்டியிடம் முதலில் பேசு. அவள் சோபாவைப் பார்த்து என்ன சொன்னாள், அதற்கு நீ என்ன புரிந்துகொண்டாய் என்பது எனக்குத் தெரியாது. உனக்கும் சரியாகத் தெரியாது என்று நினைக்கிறேன்.

அத்தான் உன்னைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார். "அவனுக்குச் சோபாக்காரம்மா ரொம்ப அதிகம்" என்றும் சொன்னார். அதை எழுதாதே என்றார். எழுதிவிட்டேன்.

உன் அக்கா


ஜூலை 8

அன்புள்ள அக்காவுக்கு,

நீயும் அத்தானும் நலமாக இருப்பீர்கள். எனக்குக் கை முழுக்க மேலே போகிறது.

உன் கடிதத்தை சோபாவில் உட்கார்ந்து படித்தேன். இரண்டு முறை. அப்புறம் குட்டியைக் கூப்பிட்டேன். போனில் வேண்டாம் என்று சனிக்கிழமை பஸ் பிடித்து வந்துவிட்டாள்.

ஏப்ரலில் நடந்தது இதுதான். உள்ளே வந்தவள் பையைக்கூட வைக்காமல், "அம்மா துணி எங்கப்பா?" என்றாள். அழுதுவிட்டாள். நான் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு நின்றேன். அவள் விடுமுறை முடிகிற வரைக்கும் நாங்கள் இருவரும் பால், முட்டை, மின்சாரக் கட்டணம் இவற்றைப் பற்றித்தான் பேசினோம்.

இந்த முறை நான் ஒன்றும் சொல்லாமல் சோபாவைக் கவிழ்த்தேன். ஓரத்தில் நாலு ஆணியை எடுத்துத் துணியைத் தூக்கிக் காட்டினேன். பச்சை. அவள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாள். அப்படியே தரையில் உட்கார்ந்தாள்.

"யாருப்பா தைச்சது?"

"கீழ்க்கடை சோபாக்காரம்மா."

"அந்தப் பேரைச் சொல்றப்ப நீ ஏன் சட்டையை இழுத்து விட்டுக்கறே?"

நான் இழுத்துவிடவில்லை என்றேன். அவள் சிரிக்கவில்லை. "அப்பா, எனக்குக் கண்ணு இருக்கு. சோபா, நாற்காலி. ஸ்டூலையே காணோம். வாசல்ல கிடக்கிற கால்மிதிக்குக்கூட ஓரம் தைச்சிருக்கு. கால்மிதிக்கு யாருப்பா ஓரம் தைப்பாங்க?"

அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கேட்டது, நான் ஓடியது, எல்லாம். அவள் சோபாவின் காலைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். முடித்ததும் சொன்னாள்: "எனக்குக் கொஞ்சம் கஷ்டமாத்தான் இருக்கும். இல்லன்னு பொய் சொல்லமாட்டேன். இருக்கட்டுமே. நான் துணிக்காக அழுதா, நீ ஆயுசு முழுக்க நின்னுக்கிட்டே சாப்பிடணும்னு யார் சொன்னா? நான் அழுதப்ப நீ பக்கத்துல வந்து உக்காந்திருந்தா போதும்பா. தண்ணியைத் திறந்துவிட்டுட்டுப் போயிட்டே."

அன்றைக்குத்தான், அக்கா, அவள் அம்மாவைப் பற்றி நாங்கள் இருவரும் ஆசை தீரப் பேசினோம். அந்தப் பச்சைத் துணியை எடுக்க எத்தனை கடை ஏறி இறங்க வைத்தாள், கடைசியில் முதல் கடையிலேயே போய் எடுத்தாள், எல்லாம். ரொம்பச் சிரித்தோம். மேசையில் தட்டு வைத்துச் சாப்பிட்டோம். சோபாவை நிமிர்த்தி வைக்க மறந்துவிட்டோம்.

திங்கட்கிழமை கடைக்குப் போனேன். கையில் தூக்கிப்போக ஒன்றும் இல்லாததால் கையை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அவர் என்னைப் பார்த்ததும் வாயிலிருந்த ஆணிகளை ஒவ்வொன்றாக எடுத்து மேசையில் வைத்தார். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன்.

என்ன சொன்னேன் என்று உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் அச்சில் வந்துவிடும். அவர் சிரித்தார் என்பதை மட்டும் சொல்கிறேன். பிறகு, "மூணு மாசம் பண்ணினதுக்கு முதல்ல அந்த ஸ்டூலைத் தூக்கிட்டுப் போங்க, இடத்தை அடைக்குது," என்றார்.

செப்டம்பரில் பதிவு அலுவலகத்தில் கையெழுத்துப் போடலாம் என்றிருக்கிறோம். சாட்சிக்கு ஒரு பக்கம் குட்டி. இன்னொரு பக்கம் நீ. உன் முழங்காலைக் கேட்டு எழுது.

தம்பி


ஆகஸ்ட் 17

அன்புள்ள தம்பிக்கு,

முழங்காலைக் கேட்டேன். வருகிறேன் என்றது. அது வராவிட்டாலும் நான் வருவேன். அத்தான் இரண்டு சட்டை வாங்கி, இரண்டையும் போட்டுக்காட்டி, எது என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். குட்டிக்குத் தனியாக எழுதியிருக்கிறேன். அவள் பதில் நீளமாக வந்தது. அது எங்கள் இருவருக்குள். சோபாக்காரம்மாவை இனி நான் என்ன சொல்லிக் கூப்பிடுவது என்று கேட்டுச் சொல். அது முடிவாகிற வரைக்கும் என் அன்பைச் சொல்.

நீ கடையில் என்ன சொன்னாய் என்று நான் கேட்கவில்லை. கவனித்தாயா? கேட்கத் தோன்றவே இல்லை. உனக்குக் கடைசிக் கடிதத்தைத் தபாலில் போட்ட மறுநாளே டிரைவர் கதவைத் திறந்துவிட்டார். நேராக நிழற்குடைக்குப் போய் நின்றார். அவள் வந்ததும், "எனக்கு வண்டி ஓட்டத்தான் தெரியும். பயணியா எந்தப் பக்கம் நிக்கணும், எப்ப ஏறணும்னு ஒண்ணும் தெரியாது. நீங்க சொன்னா கத்துக்கிறேன்," என்றார். இதை நான் யோசித்து வைக்கவில்லை. எழுதின பிறகுதான் படித்தேன். நீ இப்படிப் பேச மாட்டாய் என்று எனக்குத் தெரியும். நீ வேறு என்னமோ சொல்லியிருப்பாய். அது உங்கள் இருவருக்கு.

அதற்கப்புறம் நான் அவர்களைத் துரத்திப் பிடிக்கத்தான் வேண்டியிருக்கிறது. இருபத்து நாலாம் அத்தியாயத்தில் இருக்கிறேன். இருவரும் ஒரே வீட்டுக்குக் குடிவந்துவிட்டார்கள். சில நாள் ஒரு பக்கம், சில நாள் ஒன்றுமே இல்லை. ஆனால் ஒன்றும் வராத நாளில்கூடப் பயமாக இல்லை. போன வருஷம் மேசையைப் பார்த்தாலே பாத்திரம் தேய்க்கப் போய்விடுவேன். இப்போது எக்ஸ்ரே அறையில் இருக்கும்போதே விரல் துறுதுறு என்கிறது. நேற்று ஒரு பெரியவரை மூச்சு விடச் சொல்ல மறந்து, அவரே, "அம்மா, விடட்டுமா?" என்று கேட்டார்.

நேற்று இன்னொன்றும் நடந்தது. அந்த டிரைவர், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், வேலை முடிந்து வரும்போது ஒரு நாயைக் கையோடு கூட்டி வந்துவிட்டார். நல்ல உயரம், ஒரு காது மடங்கிக் கிடக்கிறது. எங்கே பிடித்தார் என்று தெரியவில்லை. நீ நாயைக் கண்டால் நாற்காலி மேல் ஏறுகிற ஆள். ஆக இவர் நீ இல்லை என்பது கடைசியில் நிரூபணமாகிவிட்டது. அவள் வேலையிலிருந்து இன்னும் திரும்பவில்லை. அவளுக்கு நாய் பிடிக்குமா பிடிக்காதா என்று இத்தனை அத்தியாயத்தில் நான் ஒரு முறைகூடக் கேட்டதில்லை. நாய் கூடத்தின் நடுவில் படுத்திருக்கிறது. அவர் வாசலையே பார்த்துக்கொண்டு நிற்கிறார். படியில் அவள் செருப்புச் சத்தம் கேட்கிறது.

அந்த இடத்தில் பேனாவை மூடிவிட்டு இதை உனக்கு எழுத உட்கார்ந்தேன். என்ன நடக்கும் என்று எனக்குச் சத்தியமாகத் தெரியாது. விடிந்ததும் போய்ப் பார்க்க வேண்டும்.

உன் அக்கா